மாங்காய்க் கணக்கும் மூன்று மிச்சமும்

மஃரிபுக்குப் பின் குர்ஆன் மத்ரஸா முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒரு தாய் மட்டும் கடைசி மகளோடு வாசலில் நின்றார். கையில் கணக்குக் கொப்பி.

"மவ்லவி, இது ஓதல் விசயமில்ல. கேட்கலாமோ?"

கணக்கு இதுதான். ஒரு கூடை மாங்காயை நான்கு நான்காகக் கூறு வைத்தாலும், ஆறு ஆறாக வைத்தாலும், எட்டு எட்டாக வைத்தாலும் மூன்று மிஞ்சுகிறது. ஆகக் குறைந்தது எத்தனை மாங்காய்? பிள்ளை மூன்று எண்களையும் பெருக்கி 192 எடுத்து, மூன்றைக் கூட்டி 195 என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனையால் பிழை போட்டிருந்தது.

"நான் வகுத்துப் பார்த்தன். மூன்றுதான் மிஞ்சுது. பிறகேன் பிழை?"

நியாயமான கேள்வி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் என்னைப் போலவே முல்லைத்தீவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. நான் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டே மறுபடி பள்ளிக்கூடம் போனேன். பிறகு அரபுக் கல்லூரி. அவர் தம்பிமாரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு நின்றுவிட்டார். வகுத்தல் வரைக்கும் படித்தவர் அதை இன்னும் மறக்கவில்லை.

"195 பொருந்துகிறது. ஆனால் ஆகச் சிறியது அதுவல்ல" என்றேன். பாடசாலையில் இதைப் பொது மடங்குகளுட் சிறியது என்பார்கள். நான் இதை முதலில் விளங்கிக்கொண்டது பராயிள் பாடத்தில், அதாவது வாரிசுப் பங்கு பிரிப்பதில். எட்டுக்குள் நான்கு அடங்கிவிடுகிறது. அது ததாகுல், நான்கை விட்டுவிடலாம். எட்டும் ஆறும் இரண்டால் பிரிபடும். அது தவாஃபுக், ஆறில் பாதியான மூன்றால் எட்டைப் பெருக்கினால் போதும். 24. மிச்சம் மூன்றைக் கூட்ட 27.

மௌத்தானவருக்கு மனைவி, தாய், ஒரு மகன் இருந்தால் இதே 24தான் வரும். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 பங்கு. தாய்க்கு ஆறில் ஒன்று, 4 பங்கு. மீதி 17 மகனுக்கு. சகோதரிகளே, தன் பங்கு எவ்வளவு என்று தானே போட்டுப் பார்க்கத் தெரிந்த பெண்ணிடம் யாரும் எளிதில் குறைத்துச் சொல்ல முடியாது. இந்தக் கணக்கைப் பெண் பிள்ளைக்குத் தேவையில்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

"கூடையில மூன்று மாங்காய் மட்டும் இருந்தா?" என்றாள் மகள்.

சிரித்துவிட்டேன். ஒரு கூறும் வைக்க முடியாது, மூன்றுமே மிச்சம்தான், கேள்விக்குப் பொருந்துகிறது. ஒரு கூறாவது வைக்க வேண்டும் என்று கேள்வியில் சேர்த்திருக்க வேண்டும்.

மிச்சம் ஒன்றுபோல் இல்லாவிட்டால்? நான்கில் 3, ஆறில் 5, எட்டில் 7 மிஞ்சுகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் குறைகிறது. பக்கத்து வீட்டில் ஒரு மாங்காய் இரவல் வாங்கினால் 24. திருப்பிக் கொடுத்தால் 23.

போகும்போது ஒரு பழைய கணக்கும் கொடுத்தனுப்பினேன். 2, 3, 4, 5, 6 எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்ச வேண்டும். ஏழால் வகுத்தால் மிச்சமே இருக்கக் கூடாது. பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் மௌத்தான இப்னுல் ஹைதம் ஆராய்ந்த கணக்கு. இத்தாலியின் ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய நூலிலும் இது உண்டு.

மறுநாள் மகள் கொப்பியை நீட்டினாள். எழுத்து தாயுடையது. முதல் ஐந்து எண்ணுக்கும் பொது 60. ஒன்று கூட்டி 61, ஏழால் போகவில்லை. 121, 181, 241 எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. 301க்குக் கீழே இரட்டைக் கோடு: ஏழு நாற்பத்து மூன்று.

அதற்கும் கீழே 721 என்று இன்னோர் எண். இப்னுல் ஹைதம் தம் இன்னொரு வழியில், ஒன்று முதல் ஆறு வரை பெருக்கி ஒன்றைக் கூட்டி எடுத்த எண் அது. நான் அதைச் சொல்லியே கொடுக்கவில்லை.

"இது எப்படி?" என்று கேட்டேன்.

"அறுபதையும் ஏழையும் பெருக்கி உம்மா 301ஓட கூட்டினா. இன்னும் வரும் எண்டு சொன்னா."