வண்டிக்கு டிராயர்

"வண்டிக்கு டிராயர் போடப் போறேன்"னு சொன்னதும் அக்கா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வெச்சுட்டு சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. "ஏன்டா, அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு, உனக்கென்ன கூச்சம்?" மாமா சிரிக்கலை. முட்டியைத் தடவிக்கிட்டே, "அப்படியே என் காலுக்கும் ஒண்ணு போடு"ன்னார்.

இழுப்பறைன்னு ஒழுங்கா சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான்.

வண்டி, டாடா ஏஸ். நம்ம ஊர் பாஷையில சின்ன யானை. 2005-ல முதல்முதலா வந்தப்ப ரெண்டு சிலிண்டர், 700 சி.சி. டீசல் இன்ஜின், 16 குதிரைசக்தி. இதெல்லாம் ஒரு லாரியான்னு கேட்டவங்க வீட்டு வாசல்லயே அப்புறம் ஒண்ணு நின்னுச்சு. மாமாவோடது செகண்ட் ஹேண்ட். திருவாலங்காட்டுல ஆரம்பிச்சு மணவூர், சின்னம்மாபேட்டை, கனகம்மாசத்திரம் வரைக்கும் போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறார். நெல்லும் கரும்பும் போடுற பூமி. நாத்து விட்ட நேரத்துல மோட்டார் நின்னுட்டா ஆளுங்க ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டுவாங்க.

வண்டிக்குப் பின்னாடி மொத்தம் ஏழெட்டு கோணிப்பை. ஒண்ணுல ஸ்பேனர், ஒண்ணுல பைப் கிளாம்ப், ஒண்ணுல பழைய காண்டாக்டர், ரிலே, கெப்பாசிட்டர், டேப்பு. எந்தப் பையில எது இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். சில நாள் அவருக்கும் தெரியாது.

2023 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி, நல்ல மழை. வண்டி மேல ஏறி, டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, ஒரு ஓவர்லோட் ரிலேவுக்காக ஒவ்வொரு பையா கொட்டித் தேடியிருக்கார். கிடைச்சுடுச்சு. சந்தோஷத்துல இறங்கும்போது பின் கதவுல கால் வழுக்கி விழுந்துட்டார். முட்டியில ஜவ்வு கிழிஞ்சுடுச்சு. மூணு மாசம் கட்டில். அதுக்கப்புறமும் டாக்டர், "நடக்கலாம், வண்டி ஓட்டலாம், ஏறி இறங்குற வேலை மட்டும் வேண்டாம்"னுட்டார். மாமா வீட்டுக்கு வந்ததும் சொன்னது: "விடு மச்சான், இந்த ஊர்ல காலைத் தூக்குறதுக்கு நடராஜர் ஒருத்தர் போதும்." (தெரியாதவங்களுக்கு: எங்க ஊர் ரத்தினசபை. சாமி ஆடுறது ஊர்த்துவ தாண்டவம், கால் வானத்தைப் பார்த்து நிக்கும்.)

ஜோக்கா சொன்னாலும், ராத்திரியில வாசல்ல உட்கார்ந்து வண்டியையே பார்த்துட்டிருப்பார்னு அக்கா சொன்னாங்க. வித்துடலாமான்னு ஒரு பேச்சும் வந்திருக்கு. அப்பதான் எனக்கு இந்த யோசனை. மரவேலை எனக்கு ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. ரெண்டு ஸ்டூல், ஒரு செருப்பு ஸ்டாண்டு, இதான் என் சாதனைப் பட்டியல்.

ஐடியா என்னுது இல்ல. ஆஸ்திரேலியாவுல 1934-ல ஃபோர்டு கம்பெனியில லூ பேண்ட்னு ஒரு டிசைனர், முன்னாடி காரு, பின்னாடி சாமான் ஏத்துற இடம்னு ஒரே வண்டியா பண்ணார். ஒரு விவசாயியோட சம்சாரம், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகவும் திங்கக்கிழமை பன்னியைச் சந்தைக்குக் கொண்டு போகவும் ஒரே வண்டி வேணும்னு லெட்டர் போட்டதுதான் ஆரம்பம்னு கதை சொல்வாங்க. 'யூட்'னு பேரு. அந்த ஊர்ல மெக்கானிக், எலெக்ட்ரீஷியன் வண்டிங்கள்ல பின்னாடி ரெண்டு நீள டிராயர் சகஜம். ஆள் தரையில நின்னு இழுப்பார், எடுப்பார், தள்ளுவார். ஏறவே வேண்டாம். எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு விஷயம்தான்.

அளவெடுத்தேன். உள்ள 2200 எம்.எம். நீளம், 1490 அகலம், பக்கத் தகடு உயரம் 300. முழு நீளத்துக்கும் டிராயர் போட்டா அதை இழுக்க ரோட்டுல இன்னொரு ஏழடி இடம் வேணும். அதனால பின்பக்கம் நாலடிக்கு மட்டும் ரெண்டு டிராயர், பக்கத்துக்கு ஒண்ணு. முன்பக்கம் மிச்சமிருக்கிற மூணடியில செயின் பிளாக், கயிறு. அதெல்லாம் பையன் ஏறி எடுக்கிற சாமான். டிராயருக்கு மேல பலகை மூடி, அது தகடு உயரத்தைத் தாண்டக் கூடாது. வண்டி பாடியை வெட்டவோ நீட்டவோ இல்ல. ஆர்.சி.யில இருக்கிற அளவை மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல வம்பு. நட்டைக் கழட்டினா மொத்தமும் ஒரு பொட்டியா வெளியே வந்துடணும்னு முடிவு பண்ணிக்கிட்டேன்.

மேல் பலகைக்கு 18 எம்.எம்., டிராயருக்கு 12 எம்.எம். பிளைவுட். தண்ணி தாங்குற ரகம்தான் வாங்கினேன். நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. சமையலறையில போடுவாங்களே, அந்த டெலஸ்கோப்பிக் சேனல், ஜோடிக்கு 45 கிலோ தாங்கும்னு போட்டிருந்தது, அதையே மாட்டினேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போச்சு. போட்டோ எல்லாம் எடுத்தேன்.

பத்தே நாள். ஒரு டிராயர்ல சேனலுக்குள்ள மண்ணு போய் நறநறன்னு ஆகி, குண்டுங்க உதிர்ந்து கொட்டிடுச்சு. இன்னொண்ணு, ஏரிக்கரை மேட்டுல ஏறும்போது தானா திறந்து, ஸ்பேனர் செட்டு மொத்தமும் ரோட்டுல. பின்னாடி பைக்ல வந்தவர் தப்பிச்சது அவர் நல்ல நேரம், எங்க நல்ல நேரம். மாமா ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் தாங்கலை. பழையபடி கோணிப்பையை மடிச்சு ஓரமா வெச்சிருந்ததைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் மாமாவே ஒரு பெயிண்ட் டப்பாவைக் கொண்டு வந்து என் முன்னாடி கவுத்தார். முழுக்க பழைய பேரிங். 6202. உள் விட்டம் 15, வெளி விட்டம் 35. அரைக்குதிரை மோட்டாருங்கள்ல இருந்து சத்தம் வருதுன்னு கழட்டிப் போட்டது. "மச்சான், நிமிஷத்துக்கு 2880 சுத்து சுத்தும்போதுதான் இதுக்குச் சத்தம். உன் டிராயர் ஒரு நாளைக்கு எத்தனை சுத்து சுத்தப் போகுது?"

எனக்கு ஏன் இது தோணலை?

காக்களூர் சிட்கோவுல தெரிஞ்ச லேத்துல 15 எம்.எம். ராடை வெட்டி மரை போட்டு வாங்கினோம். டிராயருக்கு நாலு பேரிங். வாசல்ல ரெண்டு, பொட்டியில நிலையா. டிராயர் அது மேல உருளும். மத்த ரெண்டும் டிராயரோட வால் பக்கம். முழுசா இழுத்தா முன்பக்கம் கீழே இறங்கப் பார்க்கும், வால் மேலே தூக்கப் பார்க்கும், ஏத்தம் மாதிரி. அந்த வால் பேரிங் மேலேயும் கீழேயும் இரும்பு ஆங்கிளுக்கு நடுவுல ஓடுறதால தூக்க முடியாது. ஒரு அடி எப்பவும் உள்ளேயே இருக்கிற மாதிரி ஒரு போல்ட்டு, அதுதான் ஸ்டாப்பர். மண்ணு விழுந்தாலும் தேங்குறதுக்குக் குழி இல்ல. தானா திறக்காம இருக்க, டிராக்டர் பின்னாடி மாட்டுற மாதிரி ஒரு இரும்பு பின், செயின்ல கட்டித் தொங்க விட்டாச்சு.

உள்ளே தடுப்பு போடும்போது இன்னொரு பாடம். நான் எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல்னு பிரிச்சு அழகா லேபிள் எழுதி வெச்சிருந்தேன். மாமா எல்லாத்தையும் வெளியே எடுத்துட்டார். "வேலைக்குப் போனா முதல்ல என்ன பண்ணுவேன்? கரண்ட் வருதான்னு பார்ப்பேன்." டெஸ்டர், டாங் டெஸ்டர், மெக்கர் மூணும் கைக்குக் கிட்ட முதல் அறையில. அடுத்தது ஸ்டார்ட்டர் பொட்டி திறக்கிற ஸ்குரூ டிரைவர், ஃபியூஸ், ரிலே, காண்டாக்டர். "பாதி கேஸு இங்கயே முடிஞ்சுடும்." மோட்டாரை வெளியே தூக்கணும்னு முடிவானாத்தான் வேண்டிய பைப் ரெஞ்ச், கிளாம்ப் எல்லாம் வலது பக்க டிராயர். வேலை நடக்கிற வரிசைதான் அறைங்களோட வரிசை. இருபத்தஞ்சு வருஷம் அவர் தலைக்குள்ள இருந்த வரிசை அது. கோணிப்பையில இருந்ததால யாருக்கும் தெரியலை, கூட வர்ற பையன் உள்பட.

செலவு, சேனலுக்கு அழுத தண்டத்தையும் சேர்த்து பதினாலாயிரம் கிட்ட. பொட்டி எடை மட்டும் எண்பது கிலோ தாண்டிடுச்சு, அவ்வளவு லோடு குறைச்சுத்தான் ஏத்தணும். கடகடன்னு ஒரு சத்தம் இருக்கு, பழைய டியூப்பை வெட்டி ஒட்டியும் முழுசா போகலை. பின் கதவை இறக்கிட்டு டிராயரை இழுக்கணும், அதுவும் ஒரு வேலைதான்.

மோட்டார் தூக்குற வேலைக்கு இப்பவும் மாமாவால ஆகாது. அதைப் பையன் பார்த்துக்கிறான். போன மாசம் முதல்முறையா அவனைத் தனியா ஒரு வேலைக்கு அனுப்பினார். "இடது டிராயர், ரெண்டாவது அறை"ன்னு போன்லயே சொல்லி முடிச்சுட்டார்.

நான் அங்க தங்கியிருந்த ஒரு ராத்திரி கதவு தட்டுச்சு. கூடவே போனேன். மாமா இறங்கினார், பின்னை உருவினார், இழுத்தார், ரிலேவை எடுத்தார். ரெண்டு காலும் தரையில. டார்ச்சு கையில.

டிஸ்கி: அக்கா இன்னும் அதை "வண்டி டிராயர்"னுதான் சொல்றாங்க. வாரத்துக்கு ஒரு நாள் தொடைச்சு வைக்கிறது என்னவோ அவங்கதான்.