பாயும் இயந்திரமும்

கடலில் காற்றை நம்பிப் போவது இன்பமா, இயந்திரத்தை நம்பிப் போவது இன்பமா? இதை நேரில் அறிய விரும்பும் நேயர்கள் இராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள தொண்டிப் பக்கம் போய்வர வேண்டும். அங்கே சுற்றுவட்டாரக் கிராமங்களில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் பந்தயம் நடத்தும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை.

தொண்டிக்கு எதிரே விரிந்து கிடப்பது பாக் விரிகுடா. பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்ட ஆழமே உடையது. முன்னாளில் இக்கரை வள்ளங்களுக்குக் காற்றே கடிகாரமாக இருந்தது. இரவில் கடலைவிட நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால், கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். விடியுமுன் அதைப் பிடித்துக்கொண்டு வள்ளங்கள் புறப்படும். நடுப்பகலில் மணல் கொதிக்கும்; தரைமேலுள்ள காற்று சூடேறி எழும்; அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். வள்ளங்களும் அதனோடு வீடு திரும்பும்.

நாம் முதலில் இயந்திர வள்ளத்தில் சென்றோம். வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் பக்கத்திலிருப்பவர் பேசுவது காதில் விழவில்லை. டீசல் நாற்றம் கரையேறிய பிறகும் வேஷ்டியை விட்டுப் போகவில்லை. போய்ச் சேர்ந்தோம் என்பதைத் தவிர அந்தப் பிரயாணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மறுநாள் பாய் விரித்தோம். எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. வலப்புறம் சாய்வாகக் கொஞ்ச தூரம், பிறகு பாயை மாற்றி இடப்புறம் கொஞ்ச தூரம் என்று மாறிமாறிப் போக வேண்டும். ஒரு மைல் தூரத்துக்கு ஒன்றரை மைல் ஓடுகிறோம்! அலுக்கவில்லை. வள்ளம் சாயும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும். அங்கே பிரயாணியும் மாலுமிதான். சுக்கான் பிடித்திருந்த முதியவர் திடீரென்று தூரத்தில் கை காட்டினார். "அங்க பாருங்க ஐயா, தண்ணி கறுத்து வருது. காத்து வந்துட்டிருக்கு" என்றார். சிற்றலைகள் எழுந்து நீர் கறுத்த அந்தத் திட்டு நம்மை நெருங்கியது. பாய் விம்மியது. கட்டைக்கடியில் நீர் ஓடும் சலசலப்பு நன்றாகக் கேட்டது.

ஆனால் உல்லாசம் வேறு, ஜீவனம் வேறு. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, மறு வருஷம் கொண்டுவந்தவை பாய்க்கப்பல்கள் அல்ல. 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள். கொழும்புக்கு அன்னியர் கப்பல் குறித்த நேரத்தில் போய்க்கொண்டிருக்க, காற்றுக்குக் காத்திருக்கும் தோணி அதனோடு போட்டியிடுவதெங்கே? மீனவர் நிலையும் இதுவே. காற்றடங்கிய நாளில் பாயை நம்பியவர் நடுக்கடலில் துடுப்புப் போட வேண்டும். அவர் கரை சேர்வதற்குள் ஏலம் முடிந்திருக்கும், மீனும் கெட்டிருக்கும். வேடிக்கை பார்க்கப் போன நாம் அவரை இயந்திரத்தைக் கைவிடச் சொல்வது தகாது. அதே சமயம், காற்றுக்கு அவர் யாரிடமும் கடன்பட்டதில்லை, டீசலுக்குக் கடன்படுகிறார்.

அந்த முதியவருக்குச் சொந்தமாக இயந்திர வள்ளமும் உண்டு. அதனுள் ஓரமாகப் பாய் ஒன்று சுருட்டிக் கிடந்தது. இது எதற்கு என்று விசாரித்தோம்.

"மோட்டார் நின்னு போச்சுன்னா?" என்றார் அவர்.