பாண்டியன் படையில் நம்மவர்

ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் நூலில் தில்லி சுல்தானியர் பாடம் நடந்து முடிந்த அன்று மாலை, எங்கள் மகள் புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கூடத்தில் வந்து அமர்ந்தாள். மதிய உணவு அப்படியே இருந்தது. இரண்டாம் வகுப்பிலிருந்து அவள் அருகிலேயே அமர்ந்து உண்ணும் தோழி அன்று வேறு பெஞ்சுக்குச் சென்றுவிட்டாளாம். செல்வதற்கு முன் ஒன்று கேட்டிருக்கிறாள்: "மதுரைக் கோயிலைக் கொள்ளையடிச்சது உங்க ஆளுங்கதானே?"

அந்தக் கேள்வியை மகள் எங்களிடம் கொண்டுவந்தாள்.

"வாப்பா, மாலிக் கபூர் நம்ம ஆளா?"

பதில் கைவசம் இல்லாதபோது பெற்றோர் வழக்கமாகச் சொல்வதையே நாங்களும் சொன்னோம். புத்தகத்தில் உள்ளதைப் படித்துத் தேர்வில் எழுது, மற்றதைப் பற்றி யோசிக்காதே என்றோம். அவள் அசையவில்லை. பிறகு எங்களில் ஒருவர் சற்றுக் கோபத்துடன், "அதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதிவச்ச பொய்" என்றும் சொல்லியாயிற்று. மகளின் முகம் உடனே தெளிந்தது. எங்களுக்குத்தான் அதன் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. அது பொய்யல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

1311ஆம் ஆண்டு அலாவுதீன் கில்ஜியின் படைத்தளபதி மாலிக் கபூர் பாண்டிய நாட்டுக்குள் புகுந்தார். ஊர்களும் கோயில்களும் சூறையாடப்பட்டன. இதை முதலில் எழுதிவைத்தவர் எந்த ஆங்கிலேயரும் அல்லர். தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு. தம் சுல்தானின் வெற்றியைப் பாடவே அவர் 'கஜாயினுல் புதூஹ்' என்ற நூலை எழுதினார். 512 யானைகளும் 5,000 குதிரைகளும் தில்லிக்குக் கொண்டு செல்லப்பட்டதைப் பெருமிதத்துடன் கணக்கிட்டுச் சொல்கிறார். தம்மவரின் வீரம் என்று அவர் எழுதியதை நாம் மாற்றார் சுமத்திய பழி என்று மறுத்தால், அதை ஒரு சிறுமி எத்தனை ஆண்டுகள் நம்பிக்கொண்டிருப்பாள்? கல்லூரிக்குப் போனால் தெரிந்துகொள்வாள். அன்று நாங்கள் சொன்ன மற்றவற்றையும், மார்க்கத்தைப் பற்றிச் சொன்னவற்றையும் சேர்த்தே ஐயுறுவாள்.

மறுநாள் இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் இப்பேச்சு எழுந்தபோது, பெரியவர் ஒருவர் எளிய வழி ஒன்றைக் காட்டினார். மாலிக் கபூர் பிறப்பால் முஸ்லிம் அல்லர். அலாவுதீனின் குஜராத் படையெடுப்பில் காம்பே துறைமுகத்தில் பிடிபட்ட அடிமை. ஆகவே அவர் அவர்களுடைய ஆள் என்று சொல்லிவிடலாம் என்றார். பிடிபட்ட அடிமை என்பது உண்மைதான். ஆனால் அதே மாலிக் கபூர் கொள்ளையிடாமல் மதரஸாக்கள் கட்டியிருந்தால் நாம் அவருடைய பிறப்பைத் தேடியிருப்போமா? முதல் ஆளாக உரிமை கொண்டாடியிருப்போம். சிறுவர்களின் மனத்தில் இத்தகைய சாமர்த்தியம் ஒருமுறை பதிந்துவிட்டால் எடுப்பது கடினம்.

நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சரியே என்ற கருத்தில் அமைந்த சூரத்துன் நிஸாவின் 135ஆம் வசனத்தை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம்! அதைச் சொத்துப் பாகப்பிரிவினைக்கும் நீதிமன்றக் கூண்டுக்கும் உரியதாகவே இதுவரை எண்ணியிருந்தோம். ஏழாம் வகுப்புப் பாடம் ஒன்று அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் வைக்கும் என்று நினைக்கவில்லை.

எனவே பொய் என்று சொன்னதைத் திரும்பப் பெறுவது என்று முடிவு செய்தோம். அதற்கு முன் நாங்களே கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. எஸ்.எம். கமால் அவர்களின் 'முஸ்லீம்களும் தமிழகமும்' முதலிய சில நூல்களை எடுத்துவந்து மூன்று இரவுகள் புரட்டினோம். இராமநாதபுரத்திலேயே பிறந்து வளர்ந்தும் இவற்றையெல்லாம் நாற்பது வயதுக்குப் பிறகுதான் படித்தோம் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

அங்கேதான் அது கிடைத்தது. அதுவும் அமீர் குஸ்ருவின் வாயிலாகவே. மாலிக் கபூரை எதிர்த்து நின்ற வீரபாண்டியனின் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்திருக்கிறார்கள்! குஸ்ருவுக்கு அவர்களைப் பிடிக்கவே இல்லை. மார்க்க ஒழுக்கத்தில் பாதி இந்துக்களைப் போன்றவர்கள் என்று இகழ்கிறார். எனினும் கலிமாவைச் சொல்லத் தெரிந்திருந்ததால் அவர்கள் கொல்லப்படாமல் விடப்பட்டார்கள் என்கிறார். சுல்தானைப் புகழ எழுதியவர், எதிரியின் படையில் முஸ்லிம்கள் இருந்ததாகக் கற்பனை செய்ய வேண்டிய தேவை எதுவும் இல்லை.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? விடை மகளின் புத்தகத்திலேயே, முந்தைய பாடத்தில் இருந்தது. பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கின. ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒன்றின் விலை 220 பொற்காசுகள் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார். அந்த வணிகத்தின் வழியே கடற்கரையில் குடியேறியவர்களும், அவர்களோடு மணவுறவு கொண்டவர்களும், இம்மண்ணிலேயே இஸ்லாத்தைத் தழுவியவர்களும் பாண்டியனுக்கு வரி செலுத்தினார்கள், அவனுடைய அவையிலும் இருந்தார்கள். தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்பவர் பாண்டியனின் அமைச்சராகவே விளங்கினார். ஒரு பாடத்தில் துறைமுகத்தில் நின்ற இம்மக்கள் அடுத்த பாடத்தில் காணாமல் போகிறார்கள். அந்த இடத்தில் வடக்கிலிருந்து ஒரு தளபதி வந்து நிற்கிறார். குழந்தைகள் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில் வியப்பில்லை.

வெள்ளிக்கிழமை இரவு மகளை அழைத்து, "அன்னைக்கு உன்கிட்டப் பொய்யின்னு சொன்னது தப்பும்மா" என்று தொடங்கினோம். கொள்ளை நடந்தது உண்மை என்றோம். பிறகு பாண்டியன் படையில் இருந்தவர்களைப் பற்றிச் சொன்னோம்.

"அப்போ நாம மதுரைப் பக்கமா!" என்று துள்ளினாள்.

எங்களுக்கும் உள்ளூர அந்த மகிழ்ச்சி இருந்தது. அதனாலேயே அதைச் சற்று ஐயத்துடன் பார்த்தோம். அந்த வீரர்கள் எங்கள் முன்னோர்கள் என்பதற்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. அது போகட்டும் என்றால், சில ஆண்டுகளில் மதுரையிலேயே ஒரு சுல்தானியம் எழுந்துவிடுகிறது. அதன் சுல்தான்களில் ஒருவரான கியாசுத்தீன் தாமகானியின் கொடுமைகளை நேரில் கண்டு எழுதியவர் இப்னு பதூதா. தில்லியில் காஜியாக இருந்த மார்க்க அறிஞர். அந்தச் சுல்தானின் மனைவியும் அவருடைய மனைவியும் உடன்பிறந்தவர்கள். உறவும் மதமும் ஒன்றாக இருந்தும், பெண்களையும் குழந்தைகளையும் அவர் கொல்வித்ததை மூடி மறைக்கவில்லை. வேறெந்த அரசனிடமும் காணாத இழிசெயல் என்று எழுதி, அதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் சொல்கிறார். அவரை எதிர்த்துப் போரிட்ட போசள மன்னர் மூன்றாம் வல்லாளரின் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பதும் அவர் தரும் செய்திதான். ஆனால் அவர்களைக் குற்றவாளிகள், ஓடிப்போன அடிமைகள் என்கிறார்.

மகள் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஓடிப்போன அடிமை எப்படி வாப்பா கெட்டவனாவான்?" என்றாள். இப்னு பதூதாவின் சார்பில் எங்களால் இதற்கு விடை சொல்ல முடியவில்லை.

தோழியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நாங்கள் சொல்லித் தரவில்லை. அவளாகவே பேசியிருக்கிறாள். முதலில், கொள்ளையடித்தது உண்மைதான், தப்புதான் என்று சொல்லியிருக்கிறாள். அதன் பிறகுதான் பாண்டியன் படைக் கதையைச் சொல்லியிருக்கிறாள். தோழி நம்பவில்லையாம். "எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. பாரசீக நூலை எங்கே போய்க் காட்டுவது?

அப்போதுதான் கமால் அவர்களின் நூலில் படித்த திருப்புல்லாணிக் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். 13ஆம் நூற்றாண்டில் ஒரு சுந்தரபாண்டியன், பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் இருந்த சோனகர்களின் பிழார்ப் பள்ளி என்னும் பள்ளிவாசலுக்கு வரி நீக்கி நிலம் அளித்த செய்தி அது. பொறிக்கப்பட்டிருப்பது திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில். பள்ளிவாசலுக்குத் தந்த கொடையைக் கோயிலில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வழியே சேதுக்கரைக்கு எத்தனை முறை போயிருக்கிறோம், அறிந்ததில்லை.

நாங்கள் உள்ளே சென்று தேடுவது முறையாகாது. ஆனால் தோழியின் குடும்பத்தார் புரட்டாசி அமாவாசைக்குச் சேதுக்கரையில் நீராடித் திருப்புல்லாணியில் வழிபட்டு வருவது வழக்கம். மகள் ஒரு தாளில் 'சோனகர்', 'பிழார்ப் பள்ளி' என்று பெரிய எழுத்தில் எழுதி அவளிடம் கொடுத்தனுப்பினாள்.

அமாவாசை கழிந்து இருவரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தார்கள். தோழியால் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

"சுவர் பூரா எழுத்துதான் இருக்கு, மாமா. தமிழ்னு சொன்னாங்க, ஆனா ஒண்ணுமே படிக்க முடியல" என்றாள்.

பழைய தமிழ் எழுத்துகளைப் படிக்க யார் கற்றுத் தருவார்கள் என்று இருவரும் சேர்ந்து கேட்கிறார்கள். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.