செய்திகள் வாசிப்பது… எங்க கவுன்சிலர் அக்கா!

‘கவுன்சிலர்’ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளை வேட்டி, வெள்ளை கார், கல்யாண மண்டப வாசலில் முப்பதடி ஃப்ளெக்ஸில் செல்போன் பேசியபடி ஒரு போஸ்… தமிழ் சினிமா புண்ணியத்தில் நமக்கெல்லாம் இதுதான் வரும். எங்க வார்டு கவுன்சிலரிடம் இதில் ஒண்ணுகூட இல்லை பாஸ். அவங்ககிட்ட இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டி, ஒரு டைரி, அப்புறம்… ஒரு கரும்பலகை!

வட மாவட்டத்தில் ஒரு நகராட்சி எங்க ஊர். பேர் வேண்டாம், அக்கா கோவிச்சுக்குவாங்க. டீக்கடைக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவில் நிற்கிறது அந்தப் பலகை. எந்தக் காலத்திலோ ஒரு படிப்பகத்துக்காக வைத்தது. தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, இது ரெண்டைத் தவிர அதில் வேறு எதையும் நான் படிச்சதில்லை. 2022-ல் ஜெயிச்சு வந்த அக்கா, அதுக்குக் கறுப்பு பெயின்ட் அடிச்சு, ‘நம்ம வார்டு செய்தி’ன்னு தலைப்பு போட்டாங்க.

“வாட்ஸ்அப்ல போடலாமேக்கா?” என்று கேட்டேன்.

“போடத்தான் போடறேன் தம்பி. காலையில எழுதினா பத்து மணிக்குள்ள நாப்பது குட்மார்னிங் ரோஜாப்பூ வந்து அதை மூடிடுது. போர்டு மேல யாரும் ரோஜாப்பூ வெக்க முடியாதுல்ல?”

‘இன்ஜினீயரிங் படிக்கிற பையன், ரெக்கார்டு நோட்டு எழுதி எழுதிக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்’ என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட, லீவு நாட்களில் சாக்பீஸ் என் கைக்கு வந்தது. அப்படி நான் எழுதிய தலைப்புச் செய்திகளில் சில…

‘குடிநீர்: நாளை இல்லை. நாளை மறுநாள் காலை 6 மணி.’

‘கண் பரிசோதனை முகாம்: ஞாயிறு, தொடக்கப்பள்ளி. பழைய கண்ணாடி இருந்தால் எடுத்து வரவும்.’

‘பொங்கல் கோலப் போட்டி: கலர் பொடி அவரவர் கொண்டு வரவும். நடுவர், நம் தெருக்காரர் இல்லை!’

‘மூன்றாவது சந்து தெருவிளக்கு: பல்பு வந்துவிட்டது. ஏணி வண்டி வரவில்லை.’

கடைசி செய்தியைக் கவனிச்சீங்களா? அதுதான் அக்கா ஸ்டைல். வேற யாரா இருந்தாலும் ‘விரைவில் சரி செய்யப்படும்’ என்று எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்க. அக்கா போர்டில் ‘விரைவில்’ என்ற வார்த்தைக்குத் தடா! “விரைவில்னு காலண்டர்ல ஏதாவது தேதி இருக்கா தம்பி?” என்பாங்க.

சாக்பீஸ் பிடிச்ச பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. கவுன்சிலர் வாசலில் வந்து நிற்கும் புகார்களில் பாதிக்கு மேல் அவங்க டிபார்ட்மென்ட்டே கிடையாது! தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, எங்க ஊர்க் குடிநீர், இதெல்லாம் நகராட்சி. ஆனால், கரன்ட் போனால் மின்வாரியம். ரேஷனில் பருப்பு இல்லைன்னா உணவுப் பொருள் வழங்கல் துறை. ஊருக்கு நடுவில் போகும் மெயின் ரோட்டில் பள்ளம்னா, அது நெடுஞ்சாலைத் துறையாகவும் இருக்கலாம். சென்னையில் கதை இன்னும் குழப்பம். அங்கே மழைநீர் வடிகால் மாநகராட்சிக்குச் சொந்தம், குடிநீரும் கழிவுநீரும் 1978-ல் தொடங்கிய குடிநீர் வாரியத்துக்குச் சொந்தம். ரெண்டும் ஒரே ரோட்டுக்கு அடியில்தான் ஓடுது! அதனால் ஒவ்வொரு புகாருக்கும் பக்கத்தில் ‘யார் வேலை’ என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்வார் அக்கா. கரன்ட் புகாருக்கு 2021-ல் வந்த மின்னகத்தின் 94987 94987 என்ற நம்பரை எங்க தெருப் பாட்டிகள்கூட மனப்பாடமா சொல்வாங்க.

‘இதெல்லாம் ஒரு மேட்டரா?’ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக். தமிழ்நாட்டு நகரங்களில் 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிஞ்சது. வரவேண்டிய தேர்தல் கோர்ட், கேஸ் என்று இழுத்துக்கிட்டே போய், 2022 பிப்ரவரி 19-ம் தேதிதான் நடந்தது. 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், பேரூராட்சிகள் எல்லாம் சேர்த்து 12,838 வார்டுகள். நடுவில் 5 வருஷத்துக்கும் மேல் தனி அலுவலர்கள்தான். அவங்க நல்லவங்களா, கெட்டவங்களா என்பது வேற விஷயம். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை, அதுதான் மேட்டர். அந்த வருஷங்களில் தண்ணி ஏன் வரலைன்னு எங்கம்மா கேட்டது குழாய்கிட்ட மட்டும்தான்.

சரி, அந்த ஆடி மாசத்துக்கு வருவோம்.

2025. ஆடி வெள்ளிக்கிழமை. ஞாயிறு அன்னைக்கு மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தல். ஊரே சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுட்டு இருந்தது. போர்டில் கொட்டை எழுத்தில் நான்தான் எழுதினேன். அன்னைக்குக் காலையில் குழாயடியில் முதல் குடம் நிறையும்போதே ஒரு வாடை. “பழைய தண்ணி தேங்கி இருக்கும், விட்டுப் பிடி” என்றார்கள். விட்டுப் பிடிச்சாலும் அதே வாடை.

அக்கா, தண்ணி திறந்துவிடுற அண்ணனை குளோரின் சோதனைப் பெட்டியோடு கூட்டி வந்தாங்க. சிம்பிள் டெஸ்ட். சின்ன கண்ணாடிக் குழாயில் தண்ணி பிடிச்சு, நாலஞ்சு சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தா மஞ்சள் நிறம் வரணும். குழாய்த் தண்ணியில் லிட்டருக்குக் குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும் என்பது இந்தியத் தரநிர்ணயம். மேல்நிலைத் தொட்டியில் பிடிச்ச தண்ணி பளிச்சுன்னு மஞ்சளாச்சு. எங்க தெருத் தண்ணி? எத்தனை சொட்டு விட்டாலும் அசையவே இல்லை. அப்படின்னா தொட்டிக்கும் தெருவுக்கும் நடுவில் ஏதோ ஒரு அசுத்தம் கலந்து குளோரினைத் தின்னுட்டு இருக்கு!

சாம்பிள் லேபுக்குப் போனது. கிருமி வளர்ந்து கண்ணுக்குத் தெரிய குறைஞ்சது 24 மணி நேரமாவது வேணும். நடுவில் சனி, ஞாயிறு. ஆக, ரிசல்ட் திங்கள்கிழமை. கூழ், ஞாயித்துக்கிழமை!

அக்காவுக்கு ஒரு போன் வந்தது. பொறுப்பில் இருக்கிற ஒருத்தர். “ரிசல்ட் வரட்டும்மா. அதுவரைக்கும் எதையும் எழுதிப் பீதியைக் கிளப்பாதீங்க.” அக்கா போனை வெச்சுட்டு, கொஞ்ச நேரம் டைரியையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. கூழ் வார்த்தல் அறிவிப்புக்கு நேர் கீழே எழுதச் சொன்னாங்க.

‘இன்று முதல் நம் தெருக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். சாக்கடை கலந்திருக்கலாம். சோதனை முடிவு: திங்கள். அதுவரை லாரித் தண்ணீர், காலை 7, மாலை 5. அதையும் காய்ச்சிக் குடிக்கவும்.’

“கலந்திருக்குன்னே எழுதிடவாக்கா? அப்பதான் பயப்படுவாங்க.”

“தெரிஞ்சதை மட்டும் எழுது தம்பி. தெரியாததுக்கு ‘லாம்’ போடு.”

ஒரு மணி நேரத்தில் விழாக் குழுப் பெரியவர் வந்துட்டார். “ஏம்மா, அம்மன் காரியம் எழுதின போர்டுல சாக்கடைன்னு எழுதலாமா? பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாம் வர்றாங்க. நாலு பேர் என்ன பேசுவாங்க?”

அக்கா குரலை உயர்த்தலை. “மாமா, கூழை அடுப்புல காய்ச்சறோம், சரி. கரைக்கிறது பச்சைத் தண்ணியிலதானே? அம்மன் பேரைச் சொல்லி வாங்கிக் குடிச்ச குழந்தைக்கு வயித்தால போனா, அந்த நாலு பேர் அப்ப என்ன பேசுவாங்க?”

பெரியவர் பதில் சொல்லாமல் போயிட்டார். எங்களுக்கெல்லாம் திக்திக். ஓட்டு போச்சு, உறவு போச்சுன்னு டீக்கடையில் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஆனால், சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தா, அதே பெரியவர் லாரி பக்கத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கிட்டு நிக்கிறார். ராத்திரி முழுக்க நாலு அண்டாவில் தண்ணியைக் கொதிக்கவெச்சு ஆறவெச்சது அவர் குரூப்தான். ஞாயித்துக்கிழமை கூழ் ஜோரா நடந்தது!

திங்கள்கிழமை ரிசல்ட். 100 மில்லி தண்ணியில் ஈ.கோலை கிருமி இருக்கவே கூடாது என்பது விதி. எங்க தெருத் தண்ணியில் இருந்தது. போர்டில் ‘கலந்திருக்கலாம்’ என்பதில் ‘லாம்’ அழிஞ்சு, ‘கலந்திருக்கிறது’ ஆனது.

இதில் பயங்கரம் என்னன்னா… தண்ணியில் பரவுற மஞ்சள் காமாலை உடனே தெரியாது. கிருமி உள்ளே போய் சில வாரங்கள் கழிச்சுத்தான் கண்ணு மஞ்சளாகும். இன்னைக்கு ஒருத்தர் ஆஸ்பத்திரியில் படுத்தால், தண்ணி போன மாசமே கெட்டிருக்கு என்று அர்த்தம். ஆள் விழுந்த பிறகு வர்ற அறிவிப்பு, அறிவிப்பு இல்லை பாஸ், இரங்கல் செய்தி! எங்க தெருவில் ரெண்டு குட்டீஸுக்கு வயித்துப்போக்கு வந்து, உப்பு-சர்க்கரைக் கரைசலில் தேறிட்டாங்க. அடுத்த ஒரு மாசமும் அக்கா வீடு வீடாப் போய் எல்லார் கண்ணையும் பார்த்துட்டே இருந்தாங்க. யாருக்கும் மஞ்சள் இல்லை.

ஓட்டை எங்கே? தோண்ட ஆரம்பிச்சாங்க. போர்டில் தினமும் ஸ்கோர். ‘செவ்வாய்: கோயில் முன்பு தோண்டியது. கிடைக்கவில்லை.’ ‘புதன்: பள்ளி அருகே. கிடைக்கவில்லை.’

“தோத்த மேட்ச் ஸ்கோர் மாதிரி இருக்கேக்கா, இதையெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு?” என்றேன்.

“கிடைக்கலைன்னு எழுதினா நாளைக்கும் தோண்டணும்னு எல்லாருக்கும் தெரியும்ல? எழுதாம விட்டா, ஜேசிபியை வேற தெருவுக்கு ஓட்டிட்டுப் போயிடுவாங்க.”

மூணாவது பள்ளத்தில் சிக்கியது. சாக்கடைக்கு உள்ளேயே ஓடின குடிநீர்க் குழாயில் விரிசல். எங்க ஊரில் தண்ணி வர்றது ஒரு மணி நேரம். மீதி நேரம் குழாயில் அழுத்தமே இல்லை. அழுத்தம் இருந்தா விரிசல் வழியா தண்ணி வெளியே போகும். இல்லைன்னா வெளியே இருக்கிறது உள்ளே வரும். அதோடு குழாயில் நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சினால்? சாக்கடைக்கு ஸ்ட்ரா போட்ட கதைதான்! எங்க தெருவில் ஆறு வீட்டில் மோட்டார் இருந்தது. அதில் ஒண்ணு அக்காவின் கொழுந்தனார் வீடு. ‘வெள்ளிக்குள் மோட்டாரைக் கழற்றவும்’ என்று நான் எழுதி முடிக்கும் முன்பே, முதலில் கழன்றது அந்த மோட்டார்தான். ரெண்டு மாசம் அந்த வீட்டில் அக்காவுக்குக் காபி கிடைக்கலை என்பது துணைச் செய்தி.

2023 ஜூலையில் இருந்து நகராட்சி கவுன்சிலருக்கு மாசம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். அந்தக் காசுக்கு, கோலப் போட்டிக்குக் குத்துவிளக்கு ஏத்தி, ரிப்பன் வெட்டி, சால்வை வாங்கிட்டுப் போயிருக்கலாம். நல்ல செய்தி சொல்ல ஆயிரம் பேர் வருவாங்க, ஃப்ளெக்ஸ் அடிக்கக் காசும் தருவாங்க. தனக்கே கெட்ட பேர் வர்ற செய்தியைத் தானே முதல் ஆளா வந்து சொல்றதுக்குத்தான் ஒரு கவுன்சிலர் தேவை. இதை எனக்கு எந்த சிவிக்ஸ் புக்கும் சொல்லித் தரலை.

இதெல்லாம் ஒரு அக்காவின் நல்ல மனசை நம்பி மட்டும் இருக்க வேண்டியதில்லை. கிராமசபை மாதிரி, நகரங்களுக்கும் வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று 2022-ல் தமிழக அரசு விதி கொண்டுவந்தது. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லாருமே ஏரியா சபை உறுப்பினர்கள். அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பம்மலில் நடந்த ஏரியா சபையில் முதல்வர் ஸ்டாலினே கலந்துக்கிட்டார். பதினெட்டு வயசாகி வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் உங்களுக்கும் அதில் நாற்காலி உண்டு. கவுன்சிலர் ஆகணும்னா 21 வயசு போதும். 2022-ல் சென்னையில் 21 வயசிலேயே ஜெயிச்சு உள்ளே போனவங்க இருக்காங்க. எனக்கு இப்ப 20. எங்க அக்கா டைரியை ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சுட்டாங்க!

தேர்தலில் நிக்கிறது அப்புறம் பார்த்துக்கலாம். முதலில் ஒண்ணு பண்ணுங்க. அடுத்த தடவை உங்க வார்டில் யாராவது ‘விரைவில்’ என்று சொன்னால், சண்டையெல்லாம் வேண்டாம், சிரிச்ச முகமா ஒரே ஒரு கேள்வி கேளுங்க…

“எந்தக் கிழமைங்க?”