இரண்டு காரணச் சொற்கள்

சென்ற ஆண்டு புதுச்சேரி வீட்டைக் காலி செய்தபோது, அம்மாவின் தகரப் பெட்டியில் அப்பா எழுதிய கடிதமொன்றின் நகல் கிடைத்தது. 1963 சனவரியில், மார்செய் நகரிலிருந்த சித்தப்பாவுக்குப் பிரெஞ்சில் எழுதியது. வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் தெரியாது, தமிழும் வாசிக்க வராது. ஆகவே உடன்பிறந்தோர் மூவரும் அமர்ந்து அதை ஆங்கிலமாக்கினோம்.

1962 ஆகஸ்டு 16 அன்று இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அப்பா தெரிவிக்கவில்லை. அம்மா தடுத்ததால்தான் என்றே உறவினர் சொல்லிவந்தனர். பிரான்சின் ஓய்வூதியம் பெறும் வீடுகளைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு எழும். அம்மா ஒருநாளும் மறுமொழி கூறியதில்லை.

கடிதத்தில் காரணம் சொல்லும் இடங்கள் இரண்டு. இரண்டிலும் 'பிகாஸ்' என்றே எழுதினோம். படித்துப் பார்த்தபோது, உறவினர் சொன்னது சரியென்றே தோன்றியது. அக்காதான் மூலத்தை மறுபடி பார்க்கச் சொன்னார். முதலிடத்தில் அப்பா எழுதியிருந்தது 'புயிஸ்க்'. அடுத்ததில் 'பார்ஸ் கெ'.

'ஏன்?' என்ற கேள்விக்கு விடையாக வருவது 'பார்ஸ் கெ'. ஆங்கிலத்தில் அது 'பிகாஸ்'. கேட்பவர் அறியாத காரணத்தை அது முன்வைக்கிறது. 'புயிஸ்க்' அப்படியன்று, இருவரும் முன்பே அறிந்த ஒன்றை நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறது. ஆங்கிலத்தில் 'சின்ஸ்' அதற்கு நெருக்கம். 'ஆஸ்' என்றும் எழுதலாம். ஆனால் அது காலத்தைக் குறிக்கிறதா காரணத்தையா என்ற மயக்கம் வரும். தமிழில் இவ்வேறுபாட்டை நம் பேச்சே காட்டிவிடுகிறது. 'அவள் வராததால்தான்' என்பது குற்றச்சாட்டு. 'அவள்தான் வரமாட்டாளே' என்பது தெரிந்த சேதி.

அப்பாவின் முதல் வாக்கியம் இந்த இரண்டாம் வகை. அம்மா ஊரைவிட்டு வரமாட்டார் என்பது சித்தப்பாவுக்கும் தெரிந்ததுதானே, அதைப் பற்றி மேலும் பேசுவானேன் என்ற தொனி. அடுத்த வாக்கியத்தில்தான் சித்தப்பா அறியாத காரணம் வருகிறது: அவள் வருவதாக இருந்தாலும் நான் விருப்பம் தெரிவிக்க மாட்டேன், ஏனெனில் எனக்கும் இங்கிருந்து போக மனமில்லை.

இரண்டு சொற்களையும் ஒன்றாக்கியதில், அப்பா தம்மீது ஏற்றுக்கொண்ட முடிவை நாங்களே மீண்டும் அம்மாவின் தலையில் சுமத்தியிருந்தோம். முதலிடத்தை 'சின்ஸ்' என்று திருத்தினோம். 'பிகாஸ்' அப்பாவுக்கே உரியதாயிற்று.

அம்மாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. பிறர் எவரிடமும் கொடுத்து அதைப் படிக்கச் சொன்னதாகவும் தெரியவில்லை. ஆயினும் அந்தத் தாளை நான்காக மடித்து, தம் திருமணச் சேலைக்கடியில் வைத்திருந்தார். சொல்லாமலே அறிந்திருந்தார் என்று எங்களில் இருவர் எண்ணுகிறோம். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.