விராலுக்கு எந்த ரீல்?

சென்னையில இருக்கிற அக்கா மகன், "மாமா, நம்ம கம்மாய்ல விரால் பிடிக்க எந்த ரீல் வாங்கட்டும்?"னு போன்ல கேட்டான். உங்களுக்கும் உதவும், எழுதிடறேன்.

எடை குறைஞ்ச சின்ன இரைக்கு ஸ்பின்னிங் ரீல் நல்லது. வீசும்போது அதோட உருளை சுத்தாது, நரம்பு மட்டும் உருவிக்கிட்டுப் போகும். அதனால சிக்கு கம்மி.

பெய்ட்காஸ்டர்ல உருளையே சுத்தும். இரை தண்ணியைத் தொடும்போது கட்டைவிரலால அமுக்கணும். இல்லாட்டி நரம்பு குருவிக்கூடு ஆயிடும். கை பழக நாளாகும்.

ஆனா எங்க கம்மாய் முழுக்க ஆகாயத்தாமரை. ரப்பர் தவளையைக் கவ்வின விரால் அதுக்குள்ள பூந்துட்டா, இழுத்து வெளியே எடுக்க பெய்ட்காஸ்டரும் பிரெய்டு நூலும்தான் தோது. ரீல்ல 7:1னு போட்டிருந்தா, கைப்பிடி ஒரு சுத்துக்கு உருளை 7 சுத்து. இங்க அந்த வேகம் வேணும்.

எதை வாங்கினாலும் ஒண்ணு. தண்ணிமேல செக்கச்செவேல்னு குஞ்சுக்கூட்டம் தெரிஞ்சா, அடியில பெத்தது காவல் நிக்கும். தவளையைப் போட்டா உடனே பாயும். பசியில இல்ல, குஞ்சைக் காப்பாத்த. அதைத் தூக்கிட்டா மத்த மீனுங்க குஞ்சுகளைத் தின்னு தீர்த்துடும். அடுத்த வருசம் கம்மாய்ல விரால் ஏது? அந்த இடத்துல ரீலைச் சுத்திக்கிட்டு அடுத்த துறைக்கு நடந்துடுங்க.