ஈயக் குண்டு

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

ஒரகடம் சாலையில் நின்றுகொண்டு 'புல்லட்' என்றால் எவரும் துப்பாக்கியை நினைப்பதில்லை. 2013 முதல் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை அங்கேயே இயங்குகிறது. மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்த குண்டு வேறு.

தேசிய மாணவர் படையில் நாங்கள் சுடும் பாயிண்ட் 22 ரைபிளின் குண்டு காரீயத்தால் ஆனது. எடை சுமார் இரண்டரை கிராம். நகத்தால் கீறினாலும் கோடு விழும். இவ்வளவு மென்மையான உலோகத்தையா குண்டாக்கினார்கள் என்று கேட்கலாம். மென்மைதான் காரணம்! குழலின் உள்ளே சுருளாக வெட்டிய வரிகளில் அது இறுகப் பொருந்திச் சுழன்று செல்கிறது. வேகம் மிகுந்தாலோ அதே மென்மை தொல்லையாகிவிடும்; ஈயம் குழலில் அப்பிக்கொள்ளும். அதனால் அமெரிக்காவில் கைத்துப்பாக்கித் தோட்டாக்களைத் தாமே மறுபடி நிரப்பிக்கொள்கிறவர்கள், சிறிது ஆண்டிமனி கலந்த ஈயத்தைத் தேடுவார்களாம். கார்ச் சக்கரத்தின் விளிம்பில் சமநிலைக்காக மாட்டும் பழைய எடைத்துண்டுகளில் அது கிடைக்கும். நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இடம் தராது.

ஆனால் அதே எடைத்துண்டுகள் எங்கள் வீட்டுக்கும் வருகின்றன. மாமா டயர்க் கடைகளில் அவற்றை வாங்கிவந்து, இரும்புச் சட்டியில் உருக்கி, வீச்சுவலைக்கு ஈயமணி வார்ப்பார். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகடுப்பே போதும். மேலே மிதக்கும் கசடைக் கரண்டியால் வழித்துத் தாழ்வாரத்து ஓரத்திலேயே கொட்டுவார். அவருடைய இரண்டு வயது மகள் விளையாடுவதும் அங்கேதான்.

"மாமா, இது உடம்புக்கு ஆகாது" என்றேன்.

"ஈயச் சொம்பு ரசத்தில் வளர்ந்தவன்டா நான்!" என்றார்.

இங்கேதான் சொல் நம்மை ஏமாற்றுகிறது. ரசச் சொம்பு வெள்ளீயம். சட்டியில் உருகுவது காரீயம். இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். காரீயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியம் கார்ச் சக்கரங்களில் ஈய எடைகளை 2005லேயே விலக்கிவிட்டது.

சென்ற மாதம் அத்தை சட்டியைத் தூக்கிக் கொல்லைக் கோடியில் வைத்துவிட்டார். மாமா மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. குழந்தையின் இரத்தத்தைப் பரிசோதிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கையிலிருக்கும் வலை முடியட்டும், போகலாம் என்கிறார்.